விதையைச் சிதைக்காமல் அதன் உயிரறிதல்

(முதுநகரில் கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்பது நம் முன்னோர் மொழி. முளைவிடும் முன்னரே விதையின் உயிர் தெரியுமா என்பது இன்றைய அறிவியல் எழுப்பும் வினா. அவ்வினாவைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றேன். இங்குக் கூடியிருப்போரில் பலர் நாற்றங்காலிலும் நடவு வயலிலும் உழைத்த குடும்பங்களில் பிறந்தவர்கள். அரை ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிரிடுபவருக்கு விதை பொய்த்துவிட்டால், மறுபடி விதை வாங்கக் கையில் பணம் இராது, பட்டமும் காத்திராது. ஆகவே, இப்பொருள் நம் வயிற்றோடு தொடர்புடையது.

விதை ஏன் உயிரிழக்கின்றது? ஈரமும் வெப்பமுமே அதன் முதற்பகைவர். விதையின் ஈரப்பதம் ஒரு விழுக்காடு குறைந்தால் அதனைச் சேமிக்கும் காலம் ஏறத்தாழ இருமடங்காகும். சேமிப்பிடத்தின் வெப்பம் 5 பாகை செல்சியசு குறைந்தாலும் அவ்வாறே. இதனை ஆரிங்டன் விதி என்பர். கடற்காற்று வீசும் கடலூர், சிதம்பரம் பகுதிகளில் காற்றில் ஈரம் மிகுதி. அதிலும் நிலக்கடலை போன்ற எண்ணெய் வித்துகள் விரைந்து கெடும். கெட்ட விதையும் நல்ல விதையும் பல வேளைகளில் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும்.

நம் உழவர் கையாளும் சோதனை ஒன்றுண்டு. 10 லிட்டர் நீரில் ஒன்றரைக் கிலோ உப்பைக் கரைத்து, கோழிமுட்டையை மிதக்கவிட்டுக் கரைசலின் பதம் பார்ப்பர். அதில் நெல்லைக் கொட்டி, மிதக்கும் பதரையும் இளைத்த மணியையும் நீக்குவர். மூழ்கியதை நன்னீரில் கழுவி விதைப்பர். விதையைச் சிதைக்காத நல்ல முறை இது. ஆயினும், மணியின் கனத்தை மட்டுமே இது காட்டும். நாட்பட்டு உயிரிழந்த கனத்த மணியும் அடியில்தான் தங்கும்.

விதைப் பரிசோதனை நிலையங்களில் 400 விதைகளை எண்ணி எடுத்து முளைக்க வைப்பர். நெல்லின் முடிவு தெரிய 14 நாட்கள் செல்லும். சான்று பெற்ற விதைக்கு நெல்லாயின் 80, உளுந்தாயின் 75, நிலக்கடலையாயின் 70 விழுக்காடேனும் முளைப்புத்திறன் வேண்டும். விரைவாக அறிய டெட்ரசோலியம் சோதனையும் உண்டு. ஊறவைத்து வெட்டிய விதையை அக்கரைசலில் இட்டால் உயிருள்ள பகுதி சிவக்கும். ஆனால் வெட்டிய விதை மீண்டும் வயலுக்கு உதவாது. மூட்டைக்கணக்கில் விதை உள்ளவர்க்கு அது இழப்பன்று. அருகிவரும் நாட்டு ரகத்தில் கைப்பிடியளவே வைத்திருப்போர்க்கு அது பேரிழப்பு.

இவ்விடத்தில்தான் ஒளி துணைக்கு வருகின்றது. 1800ஆம் ஆண்டில் வில்லியம் எர்செல் என்னும் வானியல் அறிஞர், கதிரவன் ஒளியைப் பட்டகத்தால் பிரித்து, சிவப்புக்கு அப்பால் வெப்பமானியை வைத்தார். கண்ணுக்குப் புலனாகாத கதிர் அங்கிருந்து வெப்பமூட்டக் கண்டார். அதுவே அகச்சிவப்புக் கதிர். அதில் ஏறத்தாழ 780 முதல் 2500 நானோமீட்டர் வரையுள்ள பகுதியை அண்மை அகச்சிவப்பு என்பர். 1960களில் அமெரிக்க வேளாண்மைத் துறையின் கார்ல் நோரிசு இதனைக் கொண்டு தானியத்தின் ஈரத்தை அளந்து வழிகாட்டினார்.

விதையில் நீர், எண்ணெய், புரதம், மாவுப்பொருள் ஆகியவை உள்ளன. ஒவ்வொன்றும் இக்கதிரின் குறிப்பிட்ட சில அலைநீளங்களை உறிஞ்சிக்கொள்ளும். நீர் 1450, 1940 நானோமீட்டர் அருகே மிகுதியாக உறிஞ்சும். விதையில் பட்டுத் திரும்பும் ஒளியில் எது எவ்வளவு குறைந்தது என்று அளந்தால் உள்ளிருப்பதன் தன்மை விளங்கும். விதை முதுமையுறும்போது எண்ணெயும் புரதமும் மாறுதல் அடைகின்றன. அம்மாறுதலின் நுண்ணிய தடத்தைக் கணிப்பொறி பிரித்தறிகின்றது. சில நொடிகளில் சோதனை முடிந்துவிடும். சோதித்த விதையையே விதைக்கலாம்.

இங்கு ஓர் உண்மையை மறத்தலாகாது. கருவி தானாக உயிரை அறிவதில்லை. அதற்கும் ஆசிரியர் தேவை. நூற்றுக்கணக்கான விதைகளை ஒவ்வொன்றாக ஒளியில் காட்டி, பின்னர் அவற்றை முளைக்க வைத்து, எது முளைத்தது, எது முளைக்கவில்லை என்று கருவிக்குக் கற்பிக்க வேண்டும். ரகமோ பருவமோ மாறினால் கற்பித்ததையும் சரிபார்த்தல் வேண்டும். புதிதாக அறுத்த நெல் உயிரோடிருந்தும் உறக்கநிலையில் முளைக்காதிருப்பதுண்டு. அதனைச் செத்ததெனக் கற்பித்தால் கருவியும் தவறே சொல்லும். ஆகையால் நம் நாட்டில் விதைச்சான்று இன்றும் முளைப்புச் சோதனையின்மீதே நிற்கின்றது.

இளைஞர்களே! இக்கலையில் தாவரவியலும் இயற்பியலும் கணிதமும் ஒன்றுகூடுகின்றன. அருகில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண் படிப்பு உள்ளது. விருத்தாசலத்தில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. பத்தாம் வகுப்போடு அறிவியலை விட்டுவிடாதீர்கள். விதைநெல்லைப் புடைத்துத் தெரிந்தெடுத்தவர் நம் தாய்மார். அவர்தம் மக்கள் இக்கருவிகளுக்குக் கற்பிக்கும் இருக்கைகளிலும் அமர வேண்டும்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டா. இப்பட்டத்திலேயே விதைக்கும் முன் 100 நெல்மணிகளை ஈரச் சாக்கில் பரப்பி, காயாமல் காத்து, முளைத்தவற்றை எண்ணுங்கள். 80க்குக் குறைந்தால் அந்த விதையை நம்பி நாற்றங்கால் விடாதீர்கள். மாதிரியை விதைப் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து எழுத்தில் முடிவு பெறுங்கள். விற்றவரிடம் நியாயம் கேட்க அந்தத் தாள் துணை நிற்கும்.

எண்ணிப் பார்த்து விதைப்போம்.