பிள்ளைக் காம்பரா உண்டு, பெரியவர்க்கு இடம் எங்கே?

(பட்டிப்பொலயில் ஆற்றிய சொற்பொழிவு)



இலங்கையின் இரயில் நிலையங்களிலே மிக உயரத்தில் நிற்பது இந்தப் பட்டிப்பொல நிலையம். கடல் மட்டத்துக்கு மேலே ஏறத்தாழ 1,900 மீட்டர்! ஹோட்டன் சமவெளியைக் காண வருவோர் இங்கே நின்று படம் பிடித்துக்கொள்கிறார்கள், "என்ன குளிர், என்ன அழகு!" என்று வியந்து போகிறார்கள். வந்து போகிறவர்களுக்கு இது அழகுதான். எழுந்து போக முடியாதவர்களுக்கு? பாரிசவாதத்தால் ஒரு கையும் ஒரு காலும் செயலிழந்து, லயத்துக் காம்பராவின் மூலையிலே சாக்கு விரிப்பில் கிடக்கும் முதியவருக்கு இந்தக் குளிர் அழகன்று, தண்டனை! அத்தகையோருக்கு, உதவியோடும் மதிப்போடும் வாழ ஓர் இல்லம் வேண்டும் என்பதைச் சொல்லவே நாம் இங்கு கூடியிருக்கிறோம்.

எத்தகைய இல்லம்? அனாதை மடமன்று நாம் கேட்பது. ஆஸ்பத்திரியுமன்று. வீடு! தம்மால் ஆனதைத் தாமே செய்துகொண்டு, ஆகாததற்கு மட்டும் பிறர் கையை நாடி, தம் விருப்பப்படி உண்டு உறங்கி வாழத்தக்க வீடு. குளிப்பாட்ட ஒரு கை வேண்டும் ஒருவருக்கு. மருந்தை வேளை தவறாமல் எடுத்துக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும் இன்னொருவருக்கு. அறிவு வளர்ச்சி குன்றிய மகனை, தமக்குப் பிறகு யார் பார்ப்பார் என்று தவிக்கும் தாய்க்கு ஓர் உறுதி வேண்டும். இவர்கள் சிலர்தானே என்று தள்ளிவிடுவதற்கில்லை. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, இந்நாட்டில் ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் நூற்றுக்கு 8.7 பேர் ஏதேனும் ஓர் இயலாமையோடு வாழ்பவர்கள். அறுபது வயதைக் கடந்தோர் நூற்றுக்கு 12.4 பேர்.

தோட்டத்திலே பிள்ளைக் காம்பரா உண்டு என்பதை நாம் அனைவரும் அறிவோம். இன்று சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று அதற்குப் புதுப்பெயர் சூட்டியிருக்கிறார்கள். அது ஏன் தோன்றியது? பிள்ளையின் மீது பிறந்த பாசத்தால் மட்டுமா? அன்று! தாயின் கை கொழுந்துக்கு வேண்டியிருந்தது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு மலையேறிக் கொழுந்து பறிக்க இயலாது. ஆகவே குழந்தைக்கு ஓர் அறையும், பார்த்துக்கொள்ள ஓர் ஆயாவும் கிடைத்தார்கள். நல்லது, அதை நாம் குறை கூறவில்லை. ஆனால் அதே கைகள் தளர்ந்தபின், அந்தக் கைகளுக்கு உரியவருக்கு எந்த அறை திறந்தது? பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்வரை கணக்கிலே இருந்தார். பெயர் நின்றதும் கணக்கும் நின்றது!

கணக்கு பார்ப்பவர்களுக்கு இன்னொரு கணக்கையும் காட்டுவோம். படுக்கையில் விழுந்த மாமியாரைப் பார்க்க மருமகள் வேலைக்குப் போகாமல் நிற்கிறாள். ஒரு நாட்பேர் போகிறது. மாதம் முழுவதும் நின்றால் மாதச் சம்பளமே போகிறது. மூத்த மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தித் தாத்தாவுக்குத் துணையாக உட்காரவைக்கும் வீடுகளும் உண்டு. வேலைக்குப் போகாத கை, படிக்காத பிள்ளை, பார்ப்பாரற்ற முதியவர்: ஒரு நோய் மூன்று பேரை முடக்குகிறது.

"பெற்றோரைப் பிள்ளைகள்தான் பேணவேண்டும், இல்லம் என்பது நம் பண்பாட்டுக்கு இழுக்கு" என்பர் சிலர். பண்பாட்டை நாமும் போற்றுகிறோம். ஆனால் பேணுவதற்குப் பிள்ளைகள் அருகில் இருக்க வேண்டாமா? 1948இல் குடியுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கு பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதிக்குப் பாதியாகப் பிரித்தார்கள். அண்ணன் அக்கரையில், தம்பி இக்கரையில் என்று ஆன குடும்பங்கள் எத்தனை! இன்றோ, பிழைப்புத் தேடி இளைஞர் கொழும்புக்கும், பெண்கள் அரபு நாடுகளுக்கும் போகிறார்கள். பிறர் வீட்டு முதியவருக்குக் கஞ்சி ஊட்டுகிறாள் நம் மகள்; அவளைப் பெற்றவளுக்கு ஊட்ட இங்கே ஆளில்லை! இதில் இழுக்கு எது? இல்லம் அமைப்பதா, அமைக்காமல் விடுவதா?

"இல்லம் என்றால் அடைத்துப் போடும் கொட்டடிதானே?" என்று அஞ்சுவோரும் உண்டு. அந்த அச்சத்தை நாம் அலட்சியம் செய்யோம். 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலையில், தமிழகத்தின் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியிலே, ஓலைக் கொட்டகையில் சங்கிலியால் பிணைக்கப்பட்டுக் கிடந்த மனநோயாளர் 28 பேர் தீக்கு இரையானார்கள். காப்பகம் என்று பெயர். காப்பாற்ற ஆளில்லை, கண்காணிக்க அதிகாரியில்லை, ஓடவும் வழியில்லை.

அதே தமிழகத்தில் மறுபக்கமும் உண்டு. வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரு இளம்பெண்கள் 1993இல் சென்னையில் 'பேன்யன்' அமைப்பைத் தொடங்கி, தெருவில் அலைந்த மனநோயுற்ற பெண்களுக்கு அடைக்கலம் தந்தார்கள். 2015இல் அவ்வமைப்பு மேலும் ஓர் அடி வைத்தது. நான்கைந்து பேரை ஊர் நடுவே சாதாரண வாடகை வீட்டில் குடியமர்த்தி, துணைக்கு ஒரு பணியாளரையும் அமர்த்தியது. அவர்கள் சந்தைக்குப் போனார்கள், சமைத்தார்கள், அண்டை வீட்டாரோடு பழகினார்கள். தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தோற்றுவித்த எஸ். இராமகிருஷ்ணன், 1975இல் கடற்படைத் தேர்வின்போது நேர்ந்த விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். உதவி தேவைப்பட்டவரே உதவியை அமைத்துக் காட்டினார்!

இவற்றிலிருந்து நாம் கற்பது என்ன? இல்லம் சிறிதாக இருக்கவேண்டும், ஊருக்குள் இருக்கவேண்டும், அதில் வாழ்வோருக்கு நிருவாகத்தில் குரல் இருக்கவேண்டும். நூறு கட்டில் போட்ட மண்டபம் வேண்டா; ஆறேழு பேர் வாழும் வீடு போதும். பூட்டின் திறப்பு வாழ்வோர் கையில் இருக்கட்டும். அடையாள அட்டையும் வங்கிப் புத்தகமும் அவரவரிடமே இருக்கட்டும். பேரப்பிள்ளை எந்நாளும் வந்து பார்க்கட்டும். விருப்பமில்லாதவர் வெளியேற வழியிருக்கட்டும்.

கட்டுவதிலும் கவனம் வேண்டும். 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை விழுங்கியதை நாம் மறந்துவிட முடியுமா? தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பாதுகாப்பானது என்று சொன்ன நிலத்திலேதான் அடித்தளம் போடவேண்டும். படிக்கட்டுக்குப் பதில் சரிவுப் பாதை. ஓரடி உயர்வுக்குப் பன்னிரண்டு அடி நீளம். சக்கர நாற்காலி நுழைய மூன்றடிக் கதவு. கைப்பிடியுள்ள மலசலகூடம், சுடுநீர், குளிர் புகாத சுவர். மறதி நோயால் இரவில் எழுந்து நடப்பவருக்குச் சுற்றுவேலியிட்ட முற்றம். எல்லாவற்றுக்கும் மேலாக, இரவிலும் விழித்திருக்கும் ஒரு பணியாளர். அவர் தமிழ் பேசுபவராக இருக்கவேண்டும். எத்தனையோ மறந்தபின்னும் பெரும்பாலும் எஞ்சி நிற்பது தாய்மொழி. அந்தப் பணியாளரை நம் தோட்டத்துப் பிள்ளைகளிலிருந்தே எடுத்து, பயிற்சி தந்து, சேமலாப நிதியோடு கூடிய முறையான சம்பளமும் தரவேண்டும். தொண்டு என்று சொல்லி அரை வயிற்றுக்கு வேலை வாங்கினால், ஒரு துன்பத்தை நீக்க இன்னொரு துன்பத்தை உண்டாக்கியவர்கள் ஆவோம்.

பணத்துக்கும் நிலத்துக்கும் எங்கே போவது? பிச்சை கேட்கப் போகவேண்டா. உரிமை கேட்கப் போவோம்! 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இயலாமையுள்ளோரின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கு இயற்றப்பட்டது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் முதியோர் உரிமைகளுக்கானது. எங்கே, யாரோடு வாழ்வது என்பதைத் தேர்ந்துகொள்ளும் உரிமையைச் சொல்லும் ஐ.நா. உடன்படிக்கையை 2016இல் இலங்கை ஏற்று உறுதிசெய்தது. தோட்டப்புறத்துக்குப் பணம் செலவிடப் பிரதேச சபைகளுக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த தடை, 2018இல் திருத்தப்பட்டது. "தோட்டம் எங்கள் எல்லையில் இல்லை" என்ற பழைய பல்லவியை இனி யாரும் பாட இயலாது. 1972இலும் 1975இலும் அரசு எடுத்துக்கொண்ட தோட்ட நிலம்தான் 1992இல் கம்பனிகளின் கைக்குக் குத்தகையாகப் போனது. குத்தகைக்குப் போனாலும் நிலம் அரசுடையதே. அந்த நிலத்தைப் பொன் விளையும் பூமியாக்கியவர்களுக்கு, முதுமையில் அதில் ஒரு துண்டு கேட்பது பேராசையா?

2023இல் 'மலையகம் 200' என்று நாடெங்கும் விழா எடுத்தோம். இருநூறு ஆண்டு உழைப்பைப் பேசிய வாயால், உழைத்து ஓய்ந்தவரையும் பேசுவோம்.

தோழர்களே! முதல் வேலை, எண்ணுவது. இந்த வாரமே ஒவ்வொரு லயத்திலும் இரண்டு இளைஞரும் ஒரு தாயும் சேர்ந்து புறப்படுங்கள். யாருக்கு என்ன உதவி வேண்டும், இல்லம் வேண்டுமா, வீட்டுக்கே உதவி வந்தால் போதுமா என்று அவரவர் வாயாலேயே கேட்டு எழுதுங்கள். பெயரை ஊருக்குப் பறைசாற்றாதீர்கள். தேவையை மட்டும் தொகுத்துத் தாருங்கள். அந்தப் பட்டியலோடு கிராம உத்தியோகத்தரிடமும், பிரதேச செயலகத்துக்கும், பிரதேச சபைக்கும், மாகாண சமூக சேவைத் திணைக்களத்துக்கும், தோட்ட நிருவாகத்துக்கும் போவோம். தேர்தல் நாளில் வாக்கு கேட்டு வருவோர் எந்தக் கட்சியினராயினும், அந்தப் பட்டியலை முதலில் கையில் கொடுப்போம். "இவர்களுக்கு என்ன செய்வீர்?" என்று கேட்போம். பதில் வரும்வரை கேட்போம்!