ஒரு ரேஸர், நான்கு பேர்



சிவில் படித்தவன் பாலம் கட்டிய கதை சொல்வான் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் சொல்ல வந்தது என் கல்லீரல் கதை.

மூன்றாம் ஆண்டில் விடுதி வாசலில் ரத்த தான முகாம் போட்டார்கள். பிஸ்கட்டும் ஜூஸும் கிடைக்குமே என்றுதான் போய்ப் படுத்தேன். பத்து நாள் கழித்து ரத்த வங்கியிலிருந்து அழைப்பு. ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ். மஞ்சள் காமாலை என்றால் கீழாநெல்லி தேடி ஓடுகிற ஊர் நம்முடையது. எனக்குக் கண்ணில் மஞ்சளே இல்லையே, எதைப் பார்த்து ஓடுவது? முந்தின நாள்கூட ஃபுட்பால் ஆடியிருக்கிறேன்.

வீட்டில் எல்லோருக்கும் பரிசோதித்தபோது அம்மாவுக்கும் இருந்தது. அன்றுவரை அவருக்கே தெரியாது. பிரசவ நேரத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கு வரும் வியாதி இது. அந்த வயதில் தொற்றினால் 100க்கு 90 பேருக்கு உடம்பிலேயே தங்கிவிடும். பெரியவர்களுக்குத் தொற்றினால் 5 பேருக்கும் குறைவாகத்தான் தங்கும். "என்னாலதான்டா உனக்கு வந்துச்சு" என்று அம்மா அழுததை என்னால் மறக்க முடியவில்லை.

விடுதியில் விஷயம் பரவியது. மெஸ்ஸில் என் தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்துவிட்டார்கள். சேர்ந்து சாப்பிட்டாலோ கட்டிப்பிடித்தாலோ இது பரவாது. பரவக்கூடிய காரியத்தை நாங்கள் ஞாயிறுதோறும் செய்துகொண்டிருந்தோம். எங்கள் அறையில் நான்கு பேருக்கு ஒரே ரேஸர்! உடம்புக்கு வெளியே 7 நாள்வரைகூட இந்த வைரஸ் தாக்குப்பிடிக்கும். அந்த ரேஸரைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. டாக்டர் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு போனேன். நல்லவேளை, யாருக்கும் இல்லை, தடுப்பூசி போட்டுக்கொண்டார்கள். அதில் இரண்டு பேர் இதோ முன்வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறார்கள்.

டாட்டூ குத்துகிற ஊசி, காது குத்துகிற ஊசி, ஒருவருக்குப் போட்டதையே அடுத்தவருக்கும் போடும் சிரிஞ்சு, ஆணுறை இல்லாத உறவு, எல்லாமே இதற்கு வழிதான். இதைச் சொல்லக் கூச்சப்பட்டால் பிறகு யார்தான் சொல்வது?

தம்பி தங்கைகளே, அரசின் குழந்தைத் தடுப்பூசித் திட்டத்தில் இது 2002இல் சில இடங்களில் மட்டும் தொடங்கியது. நாடு முழுக்க விரிந்தது 2011வாக்கில்தான். உங்களில் பலர் அதற்கு முன்பே பிறந்தவர்கள். வீட்டில் தடுப்பூசி அட்டை இருக்கிறதா என்று அம்மாவைக் கேளுங்கள். இல்லாவிட்டால் ஒரு ரத்தப் பரிசோதனை. தொற்று இல்லையென்றால் மூன்று ஊசி: இன்று ஒன்று, அடுத்த மாதம் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. தொற்று இருந்தாலும் பயப்பட வேண்டாம். 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். நான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் பார்க்கிறேன், தினம் ஒரு மாத்திரை.

பெண் பார்க்கப் போன இடத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு வீட்டில் காபியோடு அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது வீட்டில் அந்தப் பெண் கேட்டது ஒரே கேள்விதான்: "எனக்கு ஊசி எப்ப போடணும்?" தையில் முதல் ஊசி, ஆடியில் மூன்றாவது. ஆவணியில் கல்யாணம். மகளுக்குப் பிறந்த அன்றே முதல் ஊசி போட்டாயிற்று. இப்போது யு.கே.ஜி. படிக்கிறாள்; பரிசோதித்ததில் அவளுக்கு இல்லை.