தடையை நீக்கச் சொல்வது யார்?

(போடிநாயக்கனூர் பேச்சு)



வேலைநிறுத்தத்தை வாபஸ் பெறும் உரிமை யாருக்கு? பட்டினி கிடந்து போராடியவர்களுக்கே, முதலாளிக்கு அல்ல. போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டங்களில் உழைக்கும் உங்களுக்கு இதை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. நாடுகளுக்கும் இதுவே நியாயம்.

நம் தமிழ் மக்கள் கரும்புத் தோட்டங்களில் உழைத்த தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். அங்கிருந்த வெள்ளை நிறவெறி ஆட்சியுடன் 1946-லேயே இந்தியா வர்த்தகத்தை முறித்தது. 1991-ல், கறுப்பு மக்களுக்கு வாக்குரிமை கிடைக்குமுன்பே, அமெரிக்க ஜனாதிபதி புஷ் தடைகளை நீக்கினார். ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் ஆட்சேபித்தது. தேர்தலுக்கு வழி பிறந்த பின், 1993 செப்டம்பர் 24-ல், மண்டேலாவே ஐ.நா.வில் தடைகளை நீக்கக் கோரினார். புதிய ஜனநாயகம் பட்டினியில் பிறக்கக் கூடாதல்லவா? 1994 ஏப்ரலில் மக்கள் வாக்களித்தனர்.

கியூபாவிலோ, மக்கள் கேளாத அமெரிக்கத் தடை 1962 முதல் நீடிக்கிறது. அதை நீக்கென்று முழங்குவோம்!