குழந்தைகளின் சித்திரப் புத்தகம்

(செவ்வாய்ப்பேட்டையில் நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வருகின்ற ஆண்டு விழாவிலே நம் சிறுவர் சிறுமியர்க்குத் தட்டும் தம்ளரும் பரிசளிப்பதை விடுத்து, சித்திரப் புத்தகங்கள் அளிக்கலாம் என்றொரு பிரேரணை நம்முன் உள்ளது. அதனை நாம் மனமார ஆதரிக்கிறோம். ஆயினும் விலை மலிவு, வர்ணம் மிகுதி என்னும் இரண்டையே நோக்கிக் கட்டுக்கட்டாக வாங்கிவிடுவோமாயின், தட்டையே கொடுத்திருக்கலாமே என்று பின்னர் வருந்த நேரும். தட்டிலே சோறாவது உண்ணலாம். ஒரு முறை புரட்டி மூலையில் எறியப்பட்ட புத்தகத்தால் யாது பயன்?

சித்திரத்தின் வாயிலாகக் கற்பித்தல் புதிதன்று. நம் நாட்டில் எழுத்தறியாதாரும் கோயிற் சுவர்ச் சித்திரங்களைக் கண்டு புராணக் கதைகளை உணர்ந்து வந்தனர். ஐரோப்பாவில் கொமேனியஸ் என்னும் கல்வியாளர், உலகப் பொருள்களைப் படத்துடன் சிறுவர்க்கு உணர்த்தும் நூலொன்றை 1658-ஆம் ஆண்டில் நூரெம்பர்க் நகரிலே வெளியிட்டார். ஆனால் பொருளைக் காட்டிப் பெயரைச் சொல்லுதல் வேறு. படத்தாலும் சொல்லாலும் ஒரு கதையை நடத்துதல் வேறு.

நல்ல சித்திரப் புத்தகத்தில் படமும் சொல்லும் ஒரே நுகத்திற் பூட்டிய இரு காளைகளைப் போல்வன. ஒன்றே இழுத்து மற்றொன்று உடன் நடந்தால் வண்டி ஓடாது. பூனை பால் குடிப்பதாகப் படம் வரைந்து, கீழே ‘பூனை பால் குடிக்கிறது’ என்றெழுதினால் குழந்தைக்குச் செய்வதற்கு வேலை ஒன்றுமில்லை. ‘பாலைக் குடித்தவர் யார் என்று பாட்டிக்குத் தெரியவில்லை’ என்று எழுதி, மீசையில் பால் ஒட்டிய பூனையைக் கதவின் பின்னே வரைந்து பாருங்கள். ‘இதோ, பூனைதான்!’ என்று குழந்தை கூவும். பாட்டி அறியாததைத் தான் அறிந்தேன் என்னும் அம்மகிழ்ச்சியே அதனை மறுபடியும் அப்புத்தகத்தினிடம் இழுத்து வருவது.

1947-ஆம் ஆண்டு ஜூலையில் சென்னையிலே தோன்றிய அம்புலிமாமாவை நம்மிற் பலர் அறிவோம். அது சித்திரப் புத்தகமன்று, மாதப் பத்திரிகை, இன்று வெளிவருவதுமில்லை. ஆயினும் 2020-ஆம் ஆண்டிற் காலமான ஓவியர் சங்கர் அதில் தீட்டிய, வேதாளம் புகுந்த உடலைத் தோளிற் சுமந்து வாளேந்தி நடக்கும் விக்கிரமாதித்தனை மறந்தார் யார்? அரசனது அஞ்சாமையை அந்நடையே சொல்லிவிடுகிறது. சுடுகாட்டின் பயங்கரத்தை எழுத்தால் விரிக்க வேண்டாதபடி சித்திரமே அச்சுமையை ஏற்றுக்கொண்டது.

இனிக் குற்றங்களைக் கூறுவோம். முதலாவது, கதை முடிந்தபின் நீதியைத் தனியே பறைசாற்றுதல். கதையும் படமும் உணர்த்தாத நீதியைக் கடைசி வரி உணர்த்திவிடாது. இரண்டாவது, படத்திற் கவனக்குறைவு. வெள்ளிக் கொலுசுக்குப் பேர்போன நம் பேட்டையின் குழந்தை, கொக்கியில்லாத கொலுசைப் படத்திற் கண்டால் உடனே நகைக்கும். ஓவியர் பார்த்து வரையவில்லை என்பதைச் சிறு கண்களே முதலில் அறியும். மூன்றாவது, வாய்க்கு வராத மொழி. இப்புத்தகம் குழந்தை தானே படிப்பதன்று. பெரியோர் உரக்கப் படித்துக் காட்டுவது. பிறமொழியினின்று சொல்லுக்குச் சொல் பெயர்த்த வாக்கியம் நாவிலே தடுக்கும். நான்காவது, கருநிறப் படத்தின்மேல் கண்ணுக்குத் தெரியாத சிற்றெழுத்தை அச்சிடுதல்.

1957-இல் தோன்றிய நேஷனல் புக் டிரஸ்டும், சென்னையில் 1996-இல் தொடங்கிய துளிகா பதிப்பகமும் தமிழிலே சித்திரப் புத்தகங்கள் வெளியிட்டுள்ளன. ஆதலின் தேர்ந்தெடுக்க நூலில்லை என்று சொல்வதற்கில்லை. பெயரை மட்டும் நம்பாமல் ஒவ்வொன்றையும் சோதித்தே வாங்கவேண்டும்.

சோதனையும் எளிதே. முதலில் எழுத்தை மறைத்துப் படத்தை மட்டும் பார்க்க. பின்னர்ப் படத்தை மறைத்து எழுத்தை மட்டும் படிக்க. இரண்டிலும் ஒரே செய்தி இருக்குமானால் விட்டுவிடுக. அதன்பின் நம் குழந்தைகள் நால்வரை அமர்த்திப் படித்துக் காட்டுக. ‘இன்னொரு தரம்’ என்று அவர்கள் கேட்கும் புத்தகத்தையே வாங்குக.

பெண் குழந்தைகளுக்குப் பாத்திரமே போதும் என்னும் அபிப்பிராயமும் நம்மிடையே உண்டு. அதனை நாம் ஒப்போம். இருபாலார்க்கும் ஒரே பரிசு அளிக்கப்படவேண்டும். பல வீடுகளில், பாடப் புத்தகம் நீங்கலாக, முதன்முதல் நுழையும் புத்தகம் இதுவாகவே இருக்கும். எழுத்தறியாத பாட்டியும் எழுத்துத் தொடங்காத பேத்தியும் சேர்ந்தமர்ந்து கதை பேசுவதற்குரிய புத்தகமும் இஃதொன்றே. இருநூறு வாங்கும் பணத்தில் நூறே கிடைப்பினும் நல்லனவே வாங்குவோம். குறைந்தவற்றை மாற்றி மாற்றிப் படிக்கச் சங்க அறையிலே ஓர் அலமாரி வைப்போம். சபையோர் இதனை ஆலோசித்துத் தீர்மானிக்குமாறு வேண்டி அமர்கிறோம்.