களிம்பு பூசியும் அரிப்பு தீரவில்லையா?

தோட்டத் தொழிலாளத் தோழர்களே, தாய்மார்களே!

அண்மையில் ஒரு தோட்டத்தில் நாம் உரையாற்றி முடித்தபின், பால்வெட்டும் பெரியவர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்தார். “மறைவிடத்தில் அரிப்பு, ஐயா. ஆறு மாதமாகக் களிம்பு பூசுகிறேன், தீரவில்லை” என்றார். கிளினிக்கிற்கு அவர் சென்றதோ ஒரே முறை. மீண்டும் செல்லக் கூச்சம்!

களிம்பு பயன் தராமைக்குக் காரணங்கள் பல. வியர்வையில் ஊறிய உடையோடு உழைப்போர்க்குத் தொடையிடுக்கில் படர்தாமரை எளிதில் பற்றும். அதற்குரிய களிம்பைப் பொதுவாக 2 முதல் 4 வாரங்கள் பூசவேண்டும். அரிப்பு நின்றவுடன் நிறுத்தினால் நோய் மீளும். அண்டை வீட்டார் தரும் ஸ்டீராய்டு களிம்போ அரிப்பை மட்டும் அடக்கி, பூஞ்சையைப் பரவவிடும். தோலையும் மெலியச் செய்யும். நோய் சொறிசிரங்காயின், வீட்டார் அனைவரும் ஒரே வேளையில் மருந்திட வேண்டும். சவர்க்காரமோ, பூசும் களிம்போகூட ஒவ்வாமை தரலாம். நீரிழிவு மறைந்திருப்பதும் உண்டு.

ஆகவே, குறித்த காலம் பூசியும் குணமில்லையெனில், களிம்புக் குழாயைக் கையோடு கொண்டு மீண்டும் மருத்துவரிடம் செல்வோம். அவர் தோலைச் சிறிது சுரண்டி நுண்ணோக்கியில் ஆராயக்கூடும். இரத்தத்தில் சர்க்கரையையும் சோதிக்கக்கூடும். புண், சீழ், நெறிகட்டுதல், சிறுநீர் கழிக்கையில் எரிச்சல் ஆகியவை கண்டால் ஒருநாளும் தாமதிக்கலாகாது. பெண்கள், பெண் மருத்துவரிடம் காட்ட விரும்புவதாகக் கேட்கலாம்.

நாள்தோறும் குளித்து, ஈரம் போகத் துடைத்து, உலர்ந்த பருத்தி உடை அணிவோம். நாணம் நோயை மறைக்கும், மாற்றாது.