லொறி எங்கே போகிறது?

(உயர்தர மாணவியருக்கான தொழில் வழிகாட்டல் நிகழ்வில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

'கட்டுமானத்துறையில் நிலைபேறு முகாமையாளர்' என்று என்னை அறிமுகப்படுத்தியபோது முன்வரிசையில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்ததைக் கண்டேன். குற்றமில்லை. அயலட்டையில் யாரும் கேட்டால் என் அம்மாவே, "பிள்ளை கட்டடங்களிலை மரம் நடுகிறா" என்றுதான் சொல்லுவா.

மரம் நடுவது என் வேலையில்லை. ஒரு கட்டடம் எழும்பும்போது எவ்வளவு சீமெந்தும் கம்பியும் தண்ணீரும் மின்சாரமும் போகின்றன, எவ்வளவு வீணாகிறது, அதை எப்படிக் குறைப்பது என்று கணக்குப் பார்ப்பதுதான் வேலை. அதன் அரிச்சுவடியை நீங்கள் இரசாயனவியல் வகுப்பில் படித்திருக்கிறீர்கள். 100 கிலோ தூய கல்சியம் காபனேற்றை வெப்பப்படுத்திப் பிரித்தால் 56 கிலோ மிஞ்சும். 44 கிலோ காபனீரொட்சைட்டாகக் காற்றில் போய்விடும். சீமெந்து ஆலையில் சுண்ணாம்புக்கல்லுக்கு நடப்பதும் இதுதான். சூளையை 1450 பாகை வரை சூடாக்க எரிக்கும் எரிபொருளின் புகை வேறு. மனிதரால் வெளியாகும் காபனீரொட்சைட்டில் 7, 8 சதவீதம் சீமெந்தினால் வருகிறது. காங்கேசன்துறை ஆலை 1990 இல் நின்றுபோனது. கல் அகழ்ந்த குழிகள் இன்னும் கிடக்கின்றன. அந்தப் பக்கம் போனால் ஒருதரம் நின்று பாருங்கள்.

சீமெந்தில் ஒரு பங்கைக் குறைத்து நிலக்கரிச் சாம்பல் சேர்க்கலாம். ஆனால் கொங்கிறீற் பலம் பிடிக்க நாள் கூடும், பலகை கழற்றப் பிந்தும், மேசன்மார் முணுமுணுப்பார்கள். அவர்களோடு நின்று பேசத் தெரியாதவருக்கு இந்த வேலை சரிவராது.

இனி, நான் சொல்லத் தயங்கிய கதை. என் முதல் வேலை கொழும்பில் ஒரு மாடிக் கட்டடத்தில். பசுமைச் சான்றிதழுக்கு விண்ணப்பித்திருந்தார்கள். கழிவில் 75 சதவீதமாவது குப்பைமேட்டுக்குப் போகாமல் மீள்பயன்பாட்டுக்கோ மீள்சுழற்சிக்கோ போனால் புள்ளி கிடைக்கும். மாத முடிவில் லொறிச் சீட்டுகளைக் கூட்டினேன். 40 கூட வரவில்லை. "மிஸ், 80 என்று போடுங்கோ. எல்லாரும் அப்பிடித்தான்" என்றார் மேலதிகாரி. வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். வீட்டில் தம்பியின் படிப்புச் செலவு என் தலையில். போட்டேன், கையொப்பமும் வைத்தேன்.

அடுத்த வாரம் ஒரு லொறியின் பின்னால் முச்சக்கர வண்டியில் போனேன். உடைந்த கல்லும் சீமெந்துப் பையும் பெயின்ற் வாளியுமாக ஒரு சதுப்பு நிலத்தில் கொட்டினார்கள். பக்கத்து வீட்டு முற்றத்தில் ஒரு அம்மா உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றா.

அதற்கடுத்த மாதம் உள்ள கணக்கை எழுதினேன், முதல் மாதக் கணக்குப் பிழை என்றும் எழுதினேன். ஏச்சு வாங்கினேன். அந்த வருடம் சம்பள உயர்வு இல்லை. அந்தப் புள்ளியும் போனது. ஆனால் கம்பி, மரம், கடதாசி என்று தனித்தனித் தொட்டிகள் வந்தன. பழைய இரும்பு வாங்குபவர் கம்பிக்குக் காசு தந்தபோது மேலதிகாரியின் முகமும் கொஞ்சம் மாறியது!

என்ன படிக்கவேண்டும் என்று கேட்பீர்கள். நான் மொறட்டுவையில் கணிய அளவையியல் படித்தேன். குடிசார் பொறியியல், கட்டடக்கலை, சூழல் விஞ்ஞானம் படித்தவர்களும் என்னோடு வேலை செய்கிறார்கள். இலங்கை பசுமைக் கட்டட சபையின் தரப்படுத்தலையும் அமெரிக்காவின் 'லீட்' முறையையும் வேலை செய்துகொண்டே பழகலாம். 'லீட்' பரீட்சைக் கட்டணம் டொலரில், அவசரப்பட வேண்டாம். முதலில் ஒரு சைற்றில் ஆறு மாதம் நில்லுங்கள்.

அந்த ஆறு மாதம் கிடைப்பதுதான் கஷ்டம். பெண்பிள்ளையைச் சைற்றுக்கு எடுக்க இன்றைக்கும் யோசிக்கிறார்கள். கழிப்பறை இல்லை என்பதையே ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். ஆகவே கொழும்பிலும் டுபாயிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இந்த மலரைப் புரட்டப்போகும் பழைய மாணவிகளைத்தான் கேட்கிறேன்: உங்கள் கொம்பனியில் வருடத்துக்கு ஒரு பிள்ளைக்குப் பயிற்சி இடம் தாருங்கள். என் சைற்றில் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது. விருப்பமானவர்கள் கூட்டம் முடிய வந்து பெயர் தாருங்கள். செருப்போடு உள்ளே விடமாட்டார்கள்; சப்பாத்து வேண்டும்.