அந்தக் கூண்டில் ஏறிப் பாருங்கள்!
(தொழிலாளர் பாதுகாப்பு குறித்த கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து)

வேல்ஸ்ல 'பிக் பிட்'னு ஒரு நிலக்கரிச் சுரங்கம். 1980-ல் மூடப்பட்டது; 1983 முதல் அருங்காட்சியகம். கூண்டில் ஏற்றி 90 மீட்டர் ஆழத்துக்கு உங்களை இறக்குவார்கள். செல்போன், கைக்கடிகாரம் எல்லாம் மேலேயே கொடுத்துடணும். ஏன்? மீத்தேன் வெடிக்க ஒரு பொறி போதும்.

அதே வேல்ஸில், 1913-ல், செங்கெனித் சுரங்கம் வெடித்து 439 தொழிலாளர்கள் மாண்டார்கள். அப்பாவும் மகனும் சேர்ந்து போன வீடுகள் உண்டு. தண்டனை என்ன தெரியுமா? மேலாளருக்கு 24 பவுண்டு அபராதம், கம்பெனிக்குப் பத்தே பவுண்டு! கணக்குப் போடுங்க, ஒரு உயிருக்கு இரண்டு ஷில்லிங்கூடத் தேறாது.

பாதுகாப்புச் சட்டமெல்லாம் தொழிலுக்கு இடைஞ்சல் என்கிறார்களே, அவர்களை முதலில் அந்தக் கூண்டில் ஏற்றி இறக்கணும். போன் இல்லாமல்!